கல்லைத் தூக்கினானா, கல்லில் விழுந்தாரா?

மாசிக் கடைசியில் விளாத்திகுளம் பக்கம் காற்றே காரமாக இருக்கும். வெடித்துக் கிடக்கும் கரிசலில் அங்கங்கே சிவப்பு ஜமுக்காளம் விரித்த மாதிரி மிளகாய் வத்தல் காயும். மத்தியான வெயிலில் தூரத்துப் பருத்திக்காடெல்லாம் தண்ணீருக்குள் தெரிவதுபோல ஆடும். அந்த நெடி ஜன்னல் வழியாக ஸ்டேஷனுக்குள் வந்து, லாக்கப் வரைக்கும் தும்மல் சத்தம் கேட்கும்...

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு இருபத்து நாலு வயது. அந்த ஸ்டேஷனில் நான் ஒருத்திதான் பெண் காவலர். ரைட்டர் லீவில் போனால் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்.

சாவுக்கு இத்தனை பெயரா என்று புதிதில் மலைப்பாக இருந்தது. கிணற்றில் மிதந்தால், பூச்சிமருந்து குடித்தால் 174, சந்தேக மரணம். கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் அப்படி இறந்தால் ஆர்.டி.ஓ. வந்து விசாரிப்பார். லாரி மோதினால் 304-ஏ. கொல்ல நினைத்துக் கொன்றால் 302. அந்த நினைப்பு இல்லாமல், உயிர் போகலாம் என்று தெரிந்தும் ஒன்றைச் செய்து, அதில் ஆள் இறந்துவிட்டால் 304.

லீவுக்குக் கோவில்பட்டி பஸ்ஸில் போகும்போதும் இந்த எண்கள்தான் மனசுக்குள் ஓடும்.

அன்றைக்கு மத்தியானம் காளிராஜ் என்பவர் தானாகவே நடந்து வந்து ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தார். முப்பது வயது இருக்கும். சட்டையெல்லாம் மிளகாய்த் தூசி.

"எங்க அண்ணன் செத்துப் போனாவ. என்னாலதான்."

அதற்கு மேல் வாயே திறக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஜீப்பை எடுத்துக்கொண்டு காளிராஜின் ஊருக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. இறந்தவரின் மனைவி சண்முகத்தாயை, அவருடன் பிறந்த அண்ணன் கையைப் பிடித்து இறக்கினார். பின்னால் பத்துப் பதினைந்து பேர். அண்ணன் கையில், எழுதி முடித்த புகார் மனு.

எஸ்.ஐ. அதை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "302தாம்மா. எஃப்.ஐ.ஆர். போட்டுரு."

மனுவில் இருந்தது இதுதான். இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான களத்தில் யார் வத்தலை முதலில் காயப்போடுவது என்று அண்ணன் தம்பிக்குள் வாய்த்தகராறு. தம்பி காளிராஜ், பக்கத்தில் கிடந்த கல்லைத் தூக்கி அண்ணன் தலையில் போட்டுக் கொன்றுவிட்டார். நேரில் பார்த்தது மனைவி மட்டும். கீழே சண்முகத்தாயின் கைரேகை.

வாசித்துக் காட்டாமல் பதியக்கூடாது. மற்றவர்களை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, அவரைப் பெஞ்சில் உட்காரவைத்து மெதுவாக வாசித்தேன். அழுது ஓய்ந்த முகம். எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார். கேட்கிறாரா என்றே தெரியவில்லை... கல் வந்த இடத்தில் சட்டென்று திரும்பினார்.

"கல்லத் தூக்குனானா? யாரு சொன்னா?"

"உங்க மனுவுலதாங்க்கா இருக்கு."

"நான் அப்படிச் சொல்லலியே. நெஞ்சுல கைய வச்சுத் தள்ளுனான். அவிய மல்லாக்க விழுந்தாவ. விழுந்த எடத்துல கல்லு கிடந்துச்சி."

வாசலில் நின்ற சண்முகத்தாயின் அண்ணன் காதில் விழுந்துவிட்டது.

"ஏட்டி, ஒம் புருசன் அங்கன பொணமா கிடக்காவ. நீ இங்கன அவனுக்குப் பரிஞ்சு பேசுதியா?"

"பரிஞ்சு பேசல. அவன் மூஞ்சியில செத்தாலும் முழிக்க மாட்டேன். ஆனா அவன் கல்லத் தூக்கல."

"அப்ப எங்க வீட்டுப் படி ஏறாத. ரெண்டு பொம்பளப்பிள்ளைகளையும் நீயே வச்சுப் பாத்துக்கோ."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "எழுதும்மா" என்றார்.

எஸ்.ஐ.யிடம் போய்ச் சொன்னேன். முறைத்தார். அப்புறம் அவரே வந்து உட்கார்ந்து, மறுபடியும் கேட்டார். அதே வார்த்தைகள்தான் வந்தன. ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"சரி, அவங்க சொல்லுதபடியே எழுதி வாங்கு."

தள்ளினான் என்று எழுதினேன். 304.

பின்மண்டையில் ஒரே காயம் என்று போஸ்ட்மார்ட்டத்தில் வந்தது. கல்லால் அடித்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எஸ்.ஐ. சொன்னார். காளிராஜுக்கு அது ஆயுள் தண்டனையா, சில வருஷமா என்பது அந்த அம்மாவின் வாயில்தான் இருந்திருக்கிறது.

அவர் சொன்னதைக் காளிராஜிடம் சொன்னபோது, "மதினியா அப்படிச் சொன்னாவ?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கோர்ட்டில் சில வருஷ ஜெயில் தண்டனை ஆனது. அதற்குள் எனக்கு மாறுதல் வந்துவிட்டது.

பல வருஷம் கழித்து எப்போதும்வென்றான் ஊருக்குப் போகும் பஸ்ஸில் ஒரு சாயங்காலம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் என்னையே பார்த்துவிட்டு, "ஸ்டேஷன்ல மனுவ வாசிச்ச பிள்ளைதான நீ?" என்றார். சண்முகத்தாய்தான். தலை முக்கால்வாசி நரைத்திருந்தது. சின்ன மகள் புதியம்புத்தூரில் ரெடிமேட் கம்பெனியில் தைக்கிறாளாம். பெரியவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம்.

தயங்கித் தயங்கித்தான் கேட்டேன், "அந்தக் காளிராஜ்...?"

"வந்துட்டான். ஒரே தெருதான். பேச்சுவார்த்தை கிடையாது. பெரியவ கல்யாணத்தன்னைக்குத் தெருவுல வந்து நின்னான். நான் வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. கடைசிப் பந்தியில வந்து உக்காந்தான். எலையப் போட்டு சோறு வச்சேன்."

"உங்க அண்ணன்?"

"அவிய இன்னும் எங்க வீட்டுக்கு வரல."

வெளியே கரிசல் ஊதா நிறமாக மங்கிக்கொண்டிருந்தது. இறங்கும்போது என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

இப்போது எஃப்.ஐ.ஆர். கம்ப்யூட்டரில். புதுச் சட்டத்தில் எண்களும் மாறிவிட்டன. 302 போய் 103, 304 போய் 105. நான் வாய்தவறிப் பழைய எண்ணைச் சொன்னால் புதிதாக வந்த பிள்ளைகள் சிரிப்பார்கள். நல்ல பிள்ளைகள், வேகமான பிள்ளைகள். ஒரு புகாரை நான் பேனாவைத் திறக்கும் நேரத்துக்குள் ஏற்றிவிடுகிறார்கள்.

எங்களுக்கு அந்த வேகம் கிடையாது. எதிரே ஒருத்தர் பேசாமல் இருந்தால், அவர் வாய் திறக்கும்வரை நாங்களும் சும்மா உட்கார்ந்திருப்போம். அதற்கெல்லாம் அப்போது நேரம் இருந்தது...