மகள் வீட்டுக்கு எந்த எண்?

நாகஜோதி ஒன்பது வருஷமாகப் பார்த்த வேலை என்னவென்று சின்னமனூரில் அவள் தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியாது. "அமெரிக்காக்காரவுகளுக்கு கம்ப்யூட்டர்ல மருந்துச் சீட்டு எழுதுறா" என்று புருஷன் தங்கப்பாண்டியே சொல்லித் திரிந்தான். உண்மை அவ்வளவு ஜோராக இல்லை. அங்கே மருத்துவர் நோயாளியைப் பார்த்துவிட்டு எழுதும் குறிப்பை, தேனியில் ஒரு மாடி ஆபீஸில் உட்கார்ந்து இவள் படிப்பாள். என்ன நோய், என்ன வைத்தியம், எங்கே வைத்து நடந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போடுவாள். அந்த எண்களைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ்காரன் மருத்துவருக்குப் பணம் கொடுப்பான்.

வீடியோவில் பார்க்கும் வைத்தியம் என்றால் 'எங்கே' என்பதற்கு இரண்டே எண்கள். நோயாளி தன் வீட்டிலிருந்து பேசினால் பத்து. வீடல்லாத வேறிடம் என்றால் பூஜ்யம் இரண்டு. பத்துக்குத் தொகை கூடுதல், மற்றதற்குக் குறைவு. இதில் தவறுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அவள் அம்மா கருத்தம்மாள் பதினாலு மாதமாக விருந்தும் மருந்துமாக மகள் வீட்டில் கிடந்தாள். கடமலைக்குண்டில் தனியாக இருந்தவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. திருப்பூரில் இருக்கும் மகன் "பத்து நாள் வச்சுக்க அக்கா, வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான். அந்தப் பத்தாவது நாள் இன்னும் வரவில்லை. சம்பந்தி வீட்டுக்கு வந்தால் ஒரு சீப்பு பழத்தை வைத்துவிட்டு, கை நனைத்துவிட்டு, பொழுது சாயுமுன் கிளம்பிப் போகிற வழக்கத்தில் வளர்ந்த பொம்பளை கருத்தம்மாள். மகள் ஊட்டும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் கூசிப்போனாள்.

தங்கப்பாண்டி கெட்டவன் இல்லை. வாழைக்காய் மண்டியில் ஏலம் கூறுகிறவன், ஊர்ப் பேச்சுக்குப் பயந்தவன், அவ்வளவுதான். முதல் மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"உன் சம்பளத்துல உங்கம்மாவப் பாத்துக்க. நான் குறுக்க நிக்கல. மாமியார வச்சு நான் சோறு போடுறேன்னு எங்க அண்ணன் தம்பிக பேசப்படாது, ஆமா."

ஆக, நாகஜோதிக்கு வேலை இருக்கும்வரைதான் கருத்தம்மாளுக்குக் கட்டில். இது அந்த வீட்டில் மூவருக்கும் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் டீம் லீடர் ஸ்டீவன் அவளைத் தன் மேசைக்குக் கூப்பிட்டான். தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், அவளைவிட ஆறு வயது இளையவன்.

"அக்கா, மக வீட்டுல இருந்து பேசுன நோயாளிக்கெல்லாம் பூஜ்யம் ரெண்டு போட்டிருக்கீகளே, ஏன்?"

"மக வீடுதான சார்? அவுக வீடு இல்லையே."

"அங்கனயே குடியிருக்காகக்கா. எந்த வீட்டுல குடியிருக்காகளோ அதுதான் அவுக வீடு. விதியில மகன், மகள்னு பிரிச்சா எழுதியிருக்கான்? மகனும் ஒண்ணுதான், மகளும் ஒண்ணுதான்." அவன் திரையை அவள் பக்கம் திருப்பினான். "மகன் வீட்டுல இருந்து பேசுனவுகளுக்கு ஒழுங்கா பத்து போட்டிருக்கீக, பாருங்க."

நாகஜோதி பார்த்தாள். ஒன்றுகூடத் தவறவில்லை. மகன் வீடு என்றால் பத்து, மகள் வீடு என்றால் பூஜ்யம் இரண்டு. சந்தேகம் வந்திருந்தால் மருத்துவமனைக்கே எழுதிக் கேட்டிருப்பாள்; அதற்கு வழி உண்டு. அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அவள் வேலையைச் சரிபார்த்த ஜெபஷீலாவுக்கும் வரவில்லை. அவளும் இந்தப் பக்கத்துப் பெண்தானே!

மொத்தம் முந்நூற்றுப் பதினெட்டு. ஒரு வருஷமாகத் தொகை குறைந்து வந்ததை இப்போதுதான் அமெரிக்க மருத்துவமனையில் கண்டுபிடித்திருந்தார்கள்.

"இன்னைக்கே அம்புட்டையும் மாத்திருறேன் சார்" என்றாள். "மொதல்ல மாத்துங்கக்கா, மேல என்ன சொல்றாகன்னு பாப்போம்" என்று அவன் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. வேலையை முடித்துவிட்டால் மனம் இரங்குவார்கள் என்று ஒரு நப்பாசை. ஒவ்வொரு குறிப்பையும் திறந்து, 'மகள் வீட்டிலிருந்து பேசினார்' என்ற வரியைப் படித்து, எண்ணை மாற்றினாள். எண்பது வயதுக் கிழவி, இடுப்பு முறிந்தவள், பேச்சு குழறுகிறவள் எல்லாருக்கும் பத்து. சாயங்காலம் ஐந்தரைக்குக் கடைசி ஒன்றை மாற்றி முடித்தபோது கண் எரிந்தது. அப்போதுதான் ஸ்டீவன் கையில் வேலைநீக்கக் கடிதத்தோடு வந்தான்.

"தப்பு யாருதுன்னு ஒரு பேரு கேட்டாகக்கா. நான் எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்."

"வேற டீம்ல போடுங்க சார். சம்பளத்தக் கொறச்சுக்கூடப் போடுங்க. எங்கம்மா படுத்த படுக்கையா இருக்காக சார்."

ஆபீஸே கேட்கும்படிக் கெஞ்சினாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கெஞ்சினாள். ஜெபஷீலா திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஸ்டீவன் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றான். அவன் கையிலும் ஒன்றும் இல்லை.

பஸ்ஸில் வீரபாண்டி தாண்டும்வரை, இதை வீட்டில் மறைத்துவிடலாம் என்று யோசித்தாள். தினமும் டப்பாவோடு கிளம்பிப் போய் எங்காவது உட்கார்ந்துவிட்டு வரலாம். ஆனால் ஒன்றாம் தேதி வந்தால் என்ன செய்வது? வீட்டுப்படி ஏறியதும் முகமே காட்டிக்கொடுத்துவிட்டது. தங்கப்பாண்டி "என்னாச்சு?" என்று கேட்க, எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. செல்போனை எடுத்து எதையோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று நாகஜோதி நின்றாள். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. போய் அணைத்துவிட்டு வந்து மறுபடியும் நின்றாள். அவன் நிமிரவில்லை.

கட்டிலில் இருந்து கருத்தம்மாள் குழறிக் குழறிக் கேட்டாள்: "ஆத்தா, கடமலைக்குண்டுக்கு மொத பஸ்சு எத்தன மணிக்கு?"

அங்கே வீடு என்று நான்கு சுவர் இருக்கிறது. ஓடு சரிந்துவிட்டது, பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ஒரு செம்பு தண்ணீரைத் தானே தூக்கிக் குடிக்க அந்தக் கையால் முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் அவள் கேட்டாள்.

'இங்கனயே இரும்மா, இதுதான் உன் வீடு' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். பகல் முழுக்க, முகம் தெரியாத முந்நூற்றுப் பதினெட்டுப் பேருக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். வாயைத் திறந்தாள். புருஷனைப் பார்த்தாள். அவன் செல்போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அஞ்சே முக்காலுக்கு இங்கன ஏறணும்மா" என்றாள் நாகஜோதி. "தேனி போயி மாறணும்."