உறையூரில் அவிழ்த்த புகைக்குழாய்

மார்கழியில் ஒரு சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குப் பெரம்பலூரிலிருந்து நானும் செல்வி அக்காவும் கிளம்பினோம். ஸ்ரீரங்கம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர்தான். என் கார் டர்போ வைத்த பெட்ரோல் கார். கம்பெனி கொடுத்த புகைக்குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடம் பதினெட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய அகலக் குழாயை மாட்டியிருந்தேன். சூடு தாங்க அதில் வெள்ளைத் துணிநாடா இறுகச் சுற்றியிருந்தது. காருக்குள் எப்போதும் லேசாகப் புகைவாடை வீசும். பந்தயக் கார் என்றால் அப்படித்தான் என்று பெருமைப்பட்டுக்கொண்ட மகாபுத்திசாலி நான்.

பாடாலூர் தாண்டியதும் பனி ரோட்டை மூடியது. குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். பின் சீட்டில் படுத்திருந்த அக்கா திடீரென்று கேட்டாள்.

"யாருடா அது பாடறது?"

"ரேடியோகூடப் போடலையேக்கா."

"பொம்பளைக் குரலுடா. நீ வேகமாப் போனா பாடறா. மெதுவாப் போனா நிறுத்திடறா."

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினேன். எங்கிருந்தோ மெல்லிய ஒரு முனகல் எழுந்தது. காலை எடுத்தேன், நின்றது. எனக்குத் தலை வலித்தது; அக்காவும் தலைவலி என்றாள். தூக்கம் போதவில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

ஏழு மணிக்குக் கொள்ளிடம் பாலத்தில் நின்றபோதுதான் போனைப் பார்த்தேன். 6.48-க்குச் சமயபுரம் சுங்கச்சாவடியில் பணம் எடுத்ததாகச் செய்தி வந்திருந்தது. அந்தச் சாவடியைக் கடந்தது எனக்கு நினைவிலேயே இல்லை. வரிசையில் நின்றதோ, தடுப்புக் கட்டை உயர்ந்ததோ, எதுவும் இல்லை. அந்தப் பன்னிரண்டு நிமிடம் காரை யார் ஓட்டினார்கள்?

கோயிலுக்குள் இரண்டு மணி நேரம் நடந்தோம். அக்காவின் தலைவலி பறந்துபோனது. "எல்லாம் ரெங்கநாதர் புண்ணியம்" என்றாள். எனக்கும் தெளிந்துவிட்டது. ஒன்பதரைக்குக் காருக்குத் திரும்பினோம். வடக்குச் சித்திரை வீதியில் கூட்டம் நகரவே இல்லை. கண்ணாடியை ஏற்றி, ஏ.சி.யைப் போட்டு, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து அக்கா குழறினாள்.

"மாமா எப்படா வந்து உக்காந்தாரு? சொல்லவே இல்லையே?"

அவள் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா காலி இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு அவளை வெளியே இழுத்தேன். கை துவண்டு விழுந்தது. அவளை இழந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஆட்டோக்காரர் ஒருவர் பக்கத்துத் தெரு மருத்துவமனைக்குப் பறந்தார். ஆக்ஸிஜன் வைத்த டாக்டரம்மா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கார் கண்ணாடி மூடியிருந்துதா?"

மதியம் அக்கா எழுந்து உட்கார்ந்து காபி கேட்ட பிறகு, நான் மட்டும் நான்கு கண்ணாடியையும் இறக்கிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி உறையூர் போனேன். அங்கே யூசுப் பாய் சைலன்சர் வேலை பார்க்கிறார். காரின் பின்குழாயில் ஈரச் சாக்கைத் திணித்து, இன்ஜினை ஓடவிட்டு, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி முன்குழாய் நெடுக மெதுவாகக் காட்டிக்கொண்டே போனார். நேராக எழுந்த புகை ஓரிடத்தில் சட்டென்று ஒதுங்கியது. யாரோ உள்ளிருந்து ஊதுவதுபோல இருந்தது.

"இங்கதான் சார்."

இன்ஜின் ஆறியதும் துணிநாடாவை அவிழ்த்தார். டர்போவை ஒட்டிய வெல்டிங்கில் விரல் நீள வெடிப்பு. காலையில் பாடியது அதுதான். அங்கிருந்து காரின் உள்பக்கம் நோக்கிக் கரி படிந்திருந்தது. புகையின் விஷவாயு அந்த வழியாகத்தான் உள்ளே வந்திருக்கிறது.

"கம்பெனிக் குழாய்ல நடுவுல வளையற துண்டு ஒண்ணு இருக்கும். இன்ஜின் ஆடுனா அதுவும் ஆடும். இதுல அது இல்ல, தாங்குற கொக்கியும் இல்ல. டர்போ சூட்டுல வெல்டிங்தான் அத்தனை ஆட்டத்தையும் தாங்கணும். எத்தனை நாளைக்குத் தாங்கும்? வெடிச்சதுகூட வெளிய தெரியாம துணி வேற." விரலால் தடவியவர் நிறுத்தினார். "சார், இது முன்னமே ஒருவாட்டி வெடிச்சிருக்கு. அது மேலயே பத்தவச்சுத் துணியைச் சுத்தியிருக்காங்க."

அங்கேயே கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் செய்தேன். முன்பு இது யார் காரில் இருந்தது என்று கேட்டேன்.

"பாவங்க, சின்ன வயசு. கார்லயே தூங்கிட்டிருந்திருக்காரு. ஏ.சி. ஓடிட்டே இருந்துச்சாம். ஹார்ட் அட்டாக்னு சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ஏங்க, உங்களுக்கு வேண்டாம்னா எனக்கே திருப்பிக் குடுத்துடுங்களேன். கேட்டுட்டு ஒருத்தர் இருக்காரு."

போனை வைத்துவிட்டு, குழாயைக் கழற்றி நான்காக அறுத்துவிடச் சொன்னேன். காசைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்த பாய், என் முகத்தைப் பார்த்துவிட்டு அறுவை இயந்திரத்தை எடுத்தார். நான்கு துண்டும் விழும்வரை நான் நகரவில்லை.

காரை அங்கேயே விட்டுவிட்டு மருத்துவமனைக்குத் திரும்பினேன். இனி வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு, ஐந்து மணிக்குச் சத்திரம் பேருந்து நிலையத்தில் அக்காவோடு பெரம்பலூர் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்காரவைத்தேன். குளிர்காற்று முகத்தில் அறைந்தது. கொள்ளிடம் வருவதற்குள் அக்கா கண்ணை மூடிவிட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா. தூங்கு."

பெரம்பலூர் வருவதற்குள் இன்னும் ஆறு தடவை எழுப்பிவிட்டேன். ஆறாவது தடவை நன்றாகத் திட்டினாள். கேட்கச் சுகமாக இருந்தது.