நுனி கறுத்த ரசாலு

கண்ணாடி உலையை ஒரு தடவை பற்றவைத்துவிட்டால் வருஷக்கணக்கில் அணைக்க முடியாது. அணைத்தால் உள்ளே கொதிக்கிற குழம்பு கல்லாக இறுகி, உலையே பாழாகிவிடும். பண்டிகை, வேலைநிறுத்தம், முதலாளி வீட்டுச் சாவு, எதற்கும் அது நிற்காது. புத்தூரிலிருந்து திருப்பதி போகிற சாலையில் எங்கள் பாட்டில் கம்பெனியில் அப்படி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. எண்பதுகளின் நடுவில் இரண்டாவதாக ஒன்று கட்ட பேங்கில் கடன் கேட்டிருந்தார்கள்.

நான் கணக்குப் பிரிவு குமாஸ்தா. அது பெயருக்கு. கம்பெனியைப் பார்க்க எந்த அதிகாரி வந்தாலும் முதலில் திருமலை ஏறிச் சாமி பார்த்துவிட்டுத்தான் வருவார் என்பதால் ஜீப், தரிசன டிக்கெட், மொட்டை, லட்டு எல்லாம் என் தலையில். பேங்க்காரரும் அப்படித்தான் வந்தார். நெற்றியில் சந்தனத்தோடு சுற்றிப் பார்த்துவிட்டு, "புகைக்கு அனுமதி வாங்கிக் கொண்டுவாங்க, பணம் தயார்" என்று சொல்லிப் போனார். ஆக, மொத்தக் கடனும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரின் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

கம்பெனிச் சுவரை ஒட்டி என் மாமனாரின் மாந்தோப்பு, எல்லாம் ரசாலு மாமரங்கள். அதுதான் என் சங்கடத்தின் மூலம். உலை வந்த சில வருஷங்களில் சுவரோரத்து மரங்களில் ஒரு விநோதம் தொடங்கியது. பழம் மேலே பொன்னாக இருக்கும்; அடி நுனி மட்டும் கொள்ளிக்கட்டையில் சுட்டதுபோலக் கறுத்திருக்கும். முதலில் ஒரு வரிசை. அடுத்த கோடையில் அது இன்னும் உள்ளே நடந்து வந்திருந்தது. பூச்சி என்றேன், வெயில் என்றேன், திருஷ்டி என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். மாமா அண்ணாந்து புகையைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார்.

அதிகாரி வருகிற அன்று காலை மேனேஜர் கூப்பிட்டார். "உங்க மாமனார் தோப்புப் பழத்தையே போடுங்க. நுனியை வெட்டிட்டு, துண்டு துண்டா நறுக்கித் தட்டுல வைங்க. பக்கத்துத் தோப்புப் பழம்னு நானே சொல்றேன். தின்னு பார்த்துட்டா அப்புறம் புகையைப் பத்திக் கேட்கமாட்டார்."

கத்தியோடு தோப்புக்கு ஓடினேன். மாமா கூடையில் பழங்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கத்தி எதுக்கு மாப்ள?"

"நறுக்கணும் மாமா."

"நறுக்காத குடு. அவரு பாக்கட்டும். இன்னொரு அடுப்பு வந்துச்சுன்னா மிச்ச மரமும் கறுத்துப் பூடும்."

"பார்த்தா அனுமதி வராது. அனுமதி வரலன்னா கடன் வராது. கடன் வரலன்னா முதல்ல என் வேல போயிடும் மாமா."

"உன் வேல பூட்சுன்னா நான் சோறு போடறேன். மரம் பூட்சுன்னா எனக்கு எவன் போடுவான்?"

கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். பாதிப் பழங்களை நறுக்கினேன். அவசரத்தில் மாம்பழத்தோடு என் கட்டைவிரல் நுனியும் கொஞ்சம் போயிற்று. மீதிப் பழங்களைக் கூடையோடு மேசைக்கடியில் தள்ளினேன்.

மத்தியானம் அதிகாரி வந்தார். புது மொட்டை, நல்ல மனுஷர். காற்று அசையவில்லை. புகை மேலே போகாமல், குட்டையில் எருமை படுப்பதுபோல விருந்தினர் விடுதியின் கூரைமேல் படுத்திருந்தது. மேனேஜர் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தட்டை நீட்டினார்.

"பக்கத்துத் தோப்பு ரசாலு சார்."

அதிகாரி தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ரசாலுனு கோஸ்தாரா எவரைனா?"

ரசாலுவை யாராவது நறுக்குவார்களா என்று தெலுங்கில் கேட்கிறார். நியாயம்தான். அதை உருட்டிப் பிசைந்து, காம்புப் பக்கம் கடித்து உறிஞ்ச வேண்டும். நானும் பிறந்ததிலிருந்து அதை நறுக்கித் தின்றவன் இல்லை. இத்தனை யோசித்த எங்களுக்கு இது மட்டும் தோன்றவில்லை.

"முழுப் பழம் தீர்ந்துபோச்சு சார்" என்றேன்.

"இதோ கீதே" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. மாமா. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நேராக உள்ளே வந்தவர், மேசைக்கடியிலிருந்து கூடையை இழுத்தார். நான் பாய்ந்து ஒரு பழத்தை எடுத்து, நுனியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நீட்டினேன். அதிகாரி இழுத்தார். நான் விடவில்லை. ஒரு மாம்பழத்தின் இரண்டு பக்கத்திலும் நாங்கள் தொங்கிக்கொண்டிருந்தோம்.

"விடய்யா."

"பிசைஞ்சு தரேன் சார்."

பிசைந்தேன். என் பயத்தின் பலம் அன்றுதான் எனக்கே தெரிந்தது. பழம் வெடித்து என் சட்டை, மேனேஜரின் மூக்குக்கண்ணாடி, சுவரில் மாட்டியிருந்த முதலாளியின் அப்பா, எல்லார்மேலும் தெறித்தது. யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி கூடையிலிருந்து தானே ஒன்றை எடுத்துத் திருப்பினார். கறுத்த நுனியைக் கட்டைவிரலால் தடவினார். அதுவரை காதில் விழாத உலையின் உறுமல் சுவருக்கு அப்பாலிருந்து அப்போது விழுந்தது.

"எத்தனை வரிசை?" என்று மாமாவைக் கேட்டார்.

"போன வருஷம் ரெண்டு சாமி. இப்போ மூணு."

அதிகாரி, மேனேஜர், மாமா மூவரும் தோப்புக்குள் போனார்கள். நான் குழாயடியில் சட்டையை அலசிக்கொண்டே மனசுக்குள் ராஜினாமாக் கடிதம் எழுதினேன். அதிலும் இரண்டு பிழை.

திரும்பி வந்த அதிகாரி சொன்னது சுருக்கம்: புகைபோக்கி குட்டை. இரண்டு உலைக்கும் சேர்த்து உயரமாக ஒன்று கட்டினால் அனுமதி. மேனேஜரின் முகம் மலர்ந்தது. அந்தச் செலவையும் கடனிலேயே சேர்த்துக்கொள்ளலாமே! பேங்க்காரரும் சரி என்றார். மாமா கும்பிட்டார். என் வேலை தப்பியது. அன்று அந்த இடத்தில் என்னைவிடச் சத்தமாக யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த கோடையில் இரண்டு உலைகளும் எரிந்தன. புதுப் புகைபோக்கி எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது. புகை இரண்டு மடங்கு. ஆனால் தோப்பைத் தொடாமல் தலைக்குமேல் போனது. மாமா ஒரு கூடைப் பழத்தோடு என் வீட்டுக்கு வந்தார். நுனிவரை மஞ்சள். நான் மூன்றை உறிஞ்சி முடித்து நான்காவதை உருட்டும்போதுதான் அவர் ஒன்றையும் தொடவில்லை என்று கவனித்தேன்.

"துன்னுங்க மாமா."

"அந்தப் பொக மேல போவுதே மாப்ள, அப்பால எங்க எறங்குது?"

"ஆகாசத்துல கரைஞ்சிடும்."

"நம்மளுது கறுக்கச் சொல்ல பூச்சின்னு சொன்னவன்தான நீ?"

உருட்டிக்கொண்டிருந்த பழத்தைக் கூடையிலேயே திரும்ப வைத்தேன். அவர் எழுந்து வாசலுக்குப் போய் அண்ணாந்து புகையைப் பார்த்தார்.

"பிச்சாட்டூர் பக்கம் திரும்பிக்கினு கீது" என்றார். "அங்கயும் ரசாலு உண்டு."