கேட்டுக்கு வெளியே இரண்டு சேர்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மரகதம் பின்பக்கத்துக் கழிவறையைப் பினாயில் ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாடகைக்கு விட்ட ஐந்து அறைகளுக்கும் அது பொது. ஆள் வைத்தால் மூலையெல்லாம் கறுத்துப் போகிறதென்று அவளே செய்வாள். வடக்குப்பட்டில் அவளும் கணவரும் நெல் போட்ட நிலம் கம்பெனிக்குப் போன பிறகு கட்டிய அறைகள். குடியிருப்பவர்கள் தெற்கிலிருந்து அந்தக் கம்பெனி வேலைக்கு வந்த பெண்கள்.

அவள் வைத்த சட்டம் ஒன்றுதான்: வெளி ஆண் யாரும் கேட்டைத் தாண்டக் கூடாது. ஊரிலிருந்து வரும் அப்பாக்கள்கூட வெளியே பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்துதான் மகளைப் பார்ப்பார்கள். கேஸ் சிலிண்டரைப் பெண்களே உருட்டிப் போவார்கள்.

ஜீப் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். கேட்டில் ஒரு எஸ்.ஐ., ஒரு ஏட்டு. கணவர் பாண்டுரங்கனின் கை அதற்குள் தாழ்ப்பாளுக்குப் போயிருந்தது.

"நம்ம சுகப்பிரியாவாம். கேன்டீன் சாப்பாடு சரியில்லன்னு ரோட்ல உக்காந்துச்சுங்களே, அதுக்கு. ஸ்டேஷனுக்குக் கூட்டிகினு போய் கேட்டுட்டு வுட்டுடுவாங்களாம்."

சுகப்பிரியா அறை வாசலில் வெளுத்துப்போய் நின்றாள். ஸ்டேஷனுக்குப் போனது தெரிந்தால் கம்பெனி வெளியே அனுப்பிவிடும். சங்கரன்கோவிலிலிருந்து அப்பா மறுநாளே வந்து பெட்டியைக் கட்டச் சொல்வார்.

"பொம்பளைய விசாரிக்கணும்னா அவ இருக்க எடத்துல வச்சுத்தான் கேக்கணுமாம் சார். சங்கத்து வக்கீலக்கா சொன்னாவ." கேட் பக்கம் வந்து சொன்னாள்.

எஸ்.ஐ. சிரித்தார். "சட்டமெல்லாம் பேசுது. சரி, ரூம்லயே கேக்கறேன். கேட்டைத் தொற."

"உள்ள ஆம்பளைங்கள வுடறதில்ல சார்" என்றாள் மரகதம். "அவங்க அப்பாவையே வுட்டதில்ல."

"இந்தாம்மா, நான் போலீஸ்."

"தெரியுது சார். அதான் உடையாத சேரா பாத்துப் போடறேன்."

கேட்டுக்கு வெளியே இரண்டு சேர் போட்டாள். எதிர்வீட்டுப் பரசுராமன் பல் குத்திக்கொண்டே வந்து நின்றார். பின்னால் பாதித் தெரு வந்தது. கேட்டுக்கு உள்ளே சுகப்பிரியா, பக்கத்தில் ஈரக்கையோடு மரகதம்.

"யாரு மொதல்ல ரோட்ல உக்காந்தது?"

"பசிச்சவுக எல்லாருந்தான் சார்."

"சாப்பாட்டுல என்ன?"

"புழு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அத்தனை பேர் முன்னால் எஸ்.ஐ.க்குக் கேள்விகள் சீக்கிரமே தீர்ந்துவிட்டன. "தேவைப்பட்டா எழுத்துல வரும்" என்று எழுந்துகொண்டார்.

ஜீப் முனை திரும்பியதும் சுகப்பிரியா கேட் கம்பியைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே சிரிப்பும் வந்தது.

"யக்கா, காபி போடட்டா?"

"மொதல்ல மூஞ்சியக் கழுவு. சக்கரைய கொஞ்சம் தூக்கலா போடு, எனக்கும் சேத்து."

கழிவறையில் இன்னும் ஒரு மூலை பாக்கி. புதுப் பினாயில் பாட்டில் எடுக்க மரகதம் வீட்டுக்குள் போனாள். பாண்டுரங்கன் டி.வி.யைப் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"பொம்பளைங்கள வூட்டாண்டதான் கேக்கணும், சரி. நாளைக்கு என்னைக் கூப்ட்டா? நான் ஆம்பளையாச்சே. அப்ப இன்னா பண்ணுவ?"

மரகதம் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள்.