யோபுவின் பத்துப் பிள்ளைகள்

எழுபதுகளின் கடைசியில் நான் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். வீடு திருவண்ணாமலையில். தபால் வழியாக இறையியல் படிக்க ஆரம்பித்து ஓராண்டு ஆகியிருந்தது. காலை பஸ்ஸில் பாடப்புத்தகத்தை நாலு பேர் பார்க்கும்படி விரித்து வைத்துக்கொள்வேன். வேதாகமத்தை வெறுமனே வாசிப்பவர்கள் மேல் எனக்கு இளக்காரம் வந்திருந்தது.

எங்கள் சபையில் புதன்கிழமை மாலைதோறும் வேதபாடம் நடக்கும். அரசு மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்த ஓர் அக்கா தவறாமல் வருவார். ஐந்தாவது வரைதான் படித்தவர். ஒரே மகனை மஞ்சள்காமாலைக்குப் பறிகொடுத்தவர். அன்று யோபுவின் கடைசி அதிகாரம்; சொத்தையும் பத்துப் பிள்ளைகளையும் பறிகொடுத்த யோபுவுக்கு ஆண்டவர் மறுபடி எல்லாம் கொடுக்கிற இடம்.

"யோபுவோட பசங்க செத்தாலும் எங்கியும் போயிடலீங்க. ஆண்டவர்கிட்டதான் இருந்தாங்க" என்றார்.

நான் குறுக்கிட்டேன். "அதுல அப்படி எழுதலீங்க. பின்னால பொறந்தது வேற பசங்க. அந்த முடிவே பிற்பாடு சேர்த்ததுன்னு படிச்சவங்க சொல்றாங்க. நம்ம ஆசைய வேதத்துல ஏத்தக்கூடாது."

அவர் வேதாகமத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கோ ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த புதன் அவர் வரவில்லை. கார்த்திகை தீபக் கூட்டத்துக்காக ஆஸ்பத்திரியில் டியூட்டி ஜாஸ்தியாக இருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். தீபம் முடிந்தும் வரவில்லை. போதகர் என்னைத் தனியே அழைத்து, "நீங்களே போய்க் கூப்பிடுங்க" என்றார்.

போனேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் துவைத்த போர்வைகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எம்மேல கோவமாக்கா?"

"கோவமெல்லாம் இல்ல சார். உங்க அளவுக்கு எனக்குத் தெரியாது. ஆனா திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்தேன். ஆடு, ஒட்டகம், மாடு, கழுத எல்லாம் யோபுக்கு ரெண்டு பங்கா வருது. பசங்க மட்டும் முன்னயும் பத்து, அப்புறமும் பத்து. ஏன் இருபது வரல? மொத பத்து பேரும் ஆண்டவர்கிட்ட இருக்கறாங்க சார். அதான்."

அந்த அதிகாரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்தவன் நான். ஒரு தடவைகூட எண்ணிப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, பாடத்தோடு அனுப்பியிருந்த விளக்கவுரையைப் புரட்டினேன். பரீட்சைக்கு வேண்டாம் என்று தள்ளிய பக்கத்தில் அதே விளக்கம் இருந்தது. வெகுகாலமாக விசுவாசிகள் சொல்லிவருவதுதானாம். ஒழுங்காகப் படித்திருந்தால் அன்றைக்கு அவர் பக்கம் நின்று பேசியிருப்பேன். அரைகுறையாகப் படித்ததால்தான் அவர் வாயை அடைத்தேன்.

அதோடு விடவில்லை. யோபு பற்றிய கட்டுரையில் அந்தக் கணக்கை நானே கண்டுபிடித்த மாதிரி எழுதி அனுப்பினேன். 'நுட்பமான வாசிப்பு' என்று சிவப்பு மையில் பாராட்டு வந்தது. போதகர் பெருமையோடு அதை வேதபாடத்தில் வாசித்தார். திரும்ப வரத் தொடங்கியிருந்த அக்கா முன்வரிசையில் இருந்தார். நான் தலை நிமிரவில்லை.

வெளியே வந்ததும், "நல்லா எழுதியிருக்கீங்க சார். இது உங்க புக்குலயும் இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குதுங்க."

"அப்ப நான் நெனச்சது தப்பில்ல" என்றார். அவர் முகம் மலர்ந்தது. 'உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன்' என்ற ஒரு வரியை மட்டும் நான் சொல்லவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவருக்கு வேலூருக்கு மாற்றலானது. அவர் போன பிறகு ஒரு புதன்கிழமை எழுந்து நின்று, அந்தக் கணக்கு அக்கா சொன்னது என்ற உண்மையைச் சொன்னேன். எல்லோரும் என் தாழ்மையை மெச்சினார்கள்.