உள்ளே விட்ட ஐந்து விரல் துணி

டெய்லரக்காவுக்குக் கோபம் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடும். தையல் மிஷின் தடதடவென்று ஓடும், நூல் அறுபடும், அறுந்த நூலுக்கும் சேர்த்து யாரையாவது திட்டுவாள். அன்றைக்கு மட்டும் கடையில் சத்தமே இல்லை. மிதிபலகையில் காலை வைத்தபடி, மேசைமேல் கிடந்த சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே இரும்புக்கடைக்காரரின் மனைவி நின்றாள். பக்கத்தில் அவளுடைய ஒரே மகள்.

"கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருக்கு. முழுக்கைச் சட்டை, கணுக்கால் வரைக்கும் பாவாடை. கையிலயும் பாவாடை ஓரத்துலயும் அஞ்சு விரல் துணி உள்ள மடிச்சு விட்டுடுங்க. வளர்ற புள்ள பாருங்க, வீணாகக் கூடாது" என்றாள் அம்மாக்காரி.

கேட்டீர்களா? கல்யாணம் என்றாள், வளர்ற புள்ள என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். பருப்பு வாங்க வந்தவள் அப்படியே உப்பும் கேட்ட மாதிரி.

துணியை உள்ளே விட்டுத் தைப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் எங்கே விடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய பெண்களுக்குப் பக்கவாட்டில் விடுவார்கள். உடம்பு பூசினால் ஒரு தையலைப் பிரித்துக்கொள்ளலாம். கை நீளத்திலும் பாவாடை இறக்கத்திலும் யாரும் விடச் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் அகலமாவார்களே தவிர உயர மாட்டார்கள். உயரத்துக்குத் துணி விடுவது பிள்ளைகளுக்கு மட்டும்தான். இருபத்தைந்து வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவளுக்கு இது தெரியாதா?

"வா" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டாள்.

ஆறு வயதிலிருந்து இவளுக்கு அளவெடுக்கிறாள் டெய்லரக்கா. ஒரு இடத்தில் நிற்காது. டேப்பைத் தோளில் வைப்பதற்குள் ஜன்னலுக்குப் போய்விடும். வெட்டுக்கிளி என்று அவள் வைத்த பேர் தெருவில் நிலைத்துவிட்டது. அந்த வெட்டுக்கிளி இன்றைக்கு மரக்கட்டை மாதிரி நின்றது. கை அளவு எடுக்கும்போது மட்டும், வருஷா வருஷம் சொல்கிற பழக்கத்தில், மெல்லச் சொன்னது:

"கை இறுக்கமா வேணாம்க்கா. எழுதுறப்ப இழுக்கும்."

சொன்ன பிறகுதான் அதற்கே உறைத்திருக்க வேண்டும். சட்டென்று வாயை மூடிக்கொண்டது. டெய்லரக்கா டேப்பைச் சுருட்டவும் மறந்துபோனாள்.

"எட்டாங் கிளாஸ் முடிச்சிருக்கா. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று அம்மாக்காரியைக் கேட்டாள்.

"அவங்கப்பா முடிவு பண்ணிட்டார். ரெண்டு லாரி வெச்சிருக்கார் மாப்பிள்ளை. முப்பத்தொண்ணுதான் ஆகுது." அவள் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. படி இறங்கியவள் திரும்பி வந்து டெய்லரக்காவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "அஞ்சு விரல். மறந்துடாதீங்க."

முப்பத்தொண்ணுதானாம்! டெய்லரக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியை எடுத்து அலமாரியில் வீசினாள்.

"என்ன, மூச்சு இப்படி வாங்குது?" என்று உள்ளேயிருந்து வீட்டுக்காரர் கேட்டார். லாரி ஓட்டி முழங்கால் போன மனிதர். கடையின் பின்பக்கம் ஒரு சாய்வு நாற்காலி, அதில் பகலெல்லாம் செய்தித்தாள்.

விஷயத்தைச் சொன்னாள். அவர் தாளை மடித்தார். "ஊர் வம்பு நமக்கெதுக்கு? தெச்சுக் குடுத்துட்டு உன் வேலையைப் பாரு. ஏன், உன்னைக் கட்டினப்ப உனக்கு என்ன வயசு? நாம நல்லா இல்லையா? நான் என்னிக்காவது உன்னைக் கை நீட்டி அடிச்சேனா?"

"அடிக்கல" என்றாள். "என்னிக்காவது கேட்டியா? பதினாலு வயசுப் புள்ளைய இருபத்தாறு வயசு ஆம்பளை கூட்டிட்டு வந்தே. உனக்கு இது வேணுமான்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை கேட்டியா? அடிக்காததுக்கு மெடல் குத்தணுமாக்கும் உனக்கு!"

முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அவரை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. மனிதர் மடித்த தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

தொழிலை எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்பவர்களிடம் அவள் ஏதோ சொல்லி மழுப்புவாள். உண்மை இதுதான். அவளுடைய கல்யாணப் பாவாடையிலும் அம்மா அஞ்சு விரல் துணி விட்டு வைத்திருந்தாள். கல்யாணமான இரண்டு வருஷத்தில் பெண் நாலு அங்குலம் வளர்ந்துவிட்டது. பாவாடை கெண்டைக்காலுக்கு ஏறியது. புதுசு எதுக்கு, பிரிச்சுப் போட்டுக்கோ என்றார் மாமியார். இடுப்பில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, உடைந்த பிளேடால் அந்த மடிப்பைப் பிரித்து, கோணல்மாணலாக ஊசி ஓட்டினாள். அவள் வாழ்க்கையில் போட்ட முதல் தையல் அது. அப்புறம் அக்கம்பக்கத்தார் துணி கொடுத்தார்கள், மிஷின் வந்தது, கடை வந்தது. நல்ல கைராசி என்று எல்லாரும் மெச்சுவார்கள். கைராசியாம், மண்ணாங்கட்டி!

அதைவிட அவளை உறுத்தியது வேறொன்று. இப்படிப்பட்ட உடுப்பு இது பன்னிரண்டாவது. பதினொன்றை வாயை மூடிக்கொண்டு தைத்துக் கொடுத்திருக்கிறாள். போன வருஷம் கண்ணாடிக்கடைக்காரர் மகள் ஏழாம் மாசத்து வயிற்றோடு வந்து, "பக்கத்துல பிரிச்சு விடுங்கக்கா" என்றது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. பிரித்துக் கொடுத்தாள். அந்தப் பெண் பிரசவ அறையிலிருந்து திரும்பவே இல்லை. துக்கம் கேட்கப் போன டெய்லரக்கா எல்லாரோடும் சேர்ந்து "விதி" என்று சொல்லிவிட்டு வந்தாள். எந்த நாக்கால் சொன்னாளோ! விதியா அளவெடுத்தது? இவள்தானே எடுத்தாள்?

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துச் சுவருக்குப் போனாள். குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க இந்த எண்ணைக் கூப்பிடுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அதன்மேல் பாதியை மறைத்து எவனோ சினிமா போஸ்டர் ஒட்டியிருந்தான். நகத்தால் சுரண்டி எண்ணைப் படித்தாள், கூப்பிட்டாள். உங்க பேரைச் சொல்ல வேண்டாம், உடனே வருகிறோம் என்றது ஒரு குரல். உடனே என்றால் எவ்வளவு நேரம் என்று நினைக்கிறீர்கள்? ஆறு நாள்! தினமும் கூப்பிட்டாள், தினமும் உடனே என்றார்கள். தைத்து முடித்த உடுப்பு கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, மத்தியானம் மூன்று மணிக்கு, இரும்புக்கடைக்காரர் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. டெய்லரக்கா உடுப்பைக் கொக்கியிலிருந்து உருவிக்கொண்டு தெருவைத் தாண்டி ஓடினாள்.

வீட்டுக்கூடத்தில், ஜீப்பில் வந்த குழந்தைகள் நல அதிகாரியம்மா நாற்காலியில் இருந்தார். சின்ன வயசு, களைத்த முகம், மடியில் கோப்பு. கதவோரம் ஒரு பெண் போலீஸ். இரும்புக்கடைக்காரர் கைகட்டி நின்று வாய் நிறைய "மேடம், மேடம்" என்றார். அவர் நீட்டிய பிறப்புச் சான்றிதழில் பெண்ணுக்குப் பத்தொன்பது வயசு!

"பள்ளிக்கூடத்துல எட்டாவதுதானே படிக்குது?"

"லேட்டா சேத்தோம் மேடம். வயசைக் குறைச்சுச் சொன்னாத்தான் எடுத்துப்பாங்கன்னு அங்க குறைச்சுப் போட்டோம். ஆளு ஒல்லி, அதான் சின்னதா தெரியுது."

பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்தது. தலைமையாசிரியை போனை எடுக்கவில்லை. லீவில் கல்யாணம் வைப்பதே அதற்காகத்தான். அதிகாரியம்மா பெண்ணைப் பார்த்து, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். அப்பனை எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு கேட்டால் எந்தப் பிள்ளை வாயைத் திறக்கும்? அது அப்பாவின் காலைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டியது. புகாரை முடித்துவைக்க அதிகாரியம்மா பேனாவை எடுத்தார்.

டெய்லரக்காவுக்கு அங்கேயே கத்தித் தீர்க்கலாம் போலிருந்தது. கத்தியிருந்தால் வெளியே தள்ளியிருப்பார்கள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உள்ளே வந்தாள்.

"உடுப்பு ரெடிங்க. உள்மடிப்பை ஒரு தடவை பாத்து வாங்கிக்குங்க, அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது" என்று அம்மாக்காரியின் கையில் கொடுத்தாள்.

வேண்டுமென்றே நாலு விரல்தான் விட்டிருந்தாள். அந்த அம்மாக்காரி ஒரு பொட்டுத் துணியைக்கூட வீணாக்காதவள், குறைந்தால் கத்திவிடுவாள் என்பது தெருவுக்கே தெரியும்.

அம்மாக்காரி பாவாடையை உள்பக்கம் திருப்பினாள். மடிப்பில் விரலை வைத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முகம் சுருங்கியது.

"என்னங்க இது, நாலுதான் இருக்கு? அஞ்சு விரல்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! போன வருஷம் ஒரே வருஷத்துல ரெண்டரை அங்குலம் வளந்துட்டா. இன்னும் மூணு நாலு வருஷம் வளருவாளே, இது எப்படிப் பத்தும்?"

அதிகாரியம்மாவின் பேனா தாளில் பட்ட இடத்திலேயே நின்றது.

"யாருக்கும்மா இந்த உடுப்பு?" என்று கேட்டார்.

"பொண்ணுக்குத்தான். கல்யாண உடுப்பு."

"பத்தொன்பது வயசுப் பொண்ணு இன்னும் நாலு வருஷம் உயருமா?"

"ஏய்!" என்று இரும்புக்கடைக்காரர் போட்ட சத்தத்தில் பெண் போலீஸ் ஓரடி முன்னால் வந்தார். அதிகாரியம்மா எழுதியதைக் குறுக்கே அடித்தார். பாவாடையைத் தானே வாங்கி மடிப்பைப் பார்த்தார், சட்டைக் கையைப் பார்த்தார். பிறகு அந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். இருபது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தபோது வெட்டுக்கிளி அழுது முகம் வீங்கியிருந்தது, ஆனால் பேசியிருந்தது. அன்றே டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பதினாலுக்குமேல் இருக்காது என்றது மருத்துவமனைச் சீட்டு. கல்யாணம் நின்றது. பதினெட்டு முடியும்வரை இனி எவனுக்கும் கட்டிவைப்பதில்லை என்று இரும்புக்கடைக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் எங்கே வாங்கினாய் என்ற கேள்விக்கு ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தார்.

இதற்குத் தெரு டெய்லரக்காவுக்கு மாலை போட்டதா? நல்ல கதை! பள்ளிக்கூடத்துச் சுவரில் அவள் போஸ்டரைச் சுரண்டி எண்ணைக் கூப்பிட்டதைப் பார்த்தவர்கள் சொல்ல, குடும்பத்தைக் கெடுத்தவள் என்றது. வாங்கிய துணியைத் தைக்காமலே திருப்பி வாங்கிப் போனார்கள். கல்லெறிந்து கடைப்பலகையை உடைத்தார்கள். மறுநாள் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் முக்காலியைத் தூக்கிப்போய்க் கடை வாசலில் போட்டு, வலிக்கிற காலை நீட்டி, செய்தித்தாளோடு உட்கார்ந்தார். எழுந்துவரச் சொன்னபோது, "எனக்கு இங்கதான் காத்து நல்லா வருது" என்றார். அந்தத் தெருவில் காற்று என்றைக்கு வந்தது?

தெரு பேசியதெல்லாம் அவளுக்குத் தூசு. அவளை அரித்தது அந்த அம்மாக்காரிதான். அவள் உதடு கிழிந்திருப்பதாகக் காய்கறிக்காரி சொன்னாள். பாவம், வெள்ளந்தி மனுஷியை வாயைப் பிடுங்கி மாட்டிவிட்டோமே, அடியெல்லாம் அவள் தலையில் விழுந்ததே என்று டெய்லரக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அதிகாரியம்மாவைக் கூப்பிட்டு, "நீங்க போனதும் அங்க யாரு பாக்குறது?" என்று கத்தினாள். அதன் பிறகு வாரம் ஒருமுறை பெண் போலீஸ் அந்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

பள்ளி திறக்க நாலு நாள் இருந்தது. வெட்டுக்கிளி புத்தகப் பையோடு தெருவில் போகுமா, இல்லை கமுக்கமாக வேறெங்காவது அனுப்பிவிடுவார்களா என்ற ஒரே கேள்வியோடு கடையில் உட்கார்ந்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. இரும்புக்கடைக்காரரின் மனைவி. உதட்டில் தழும்பு. பின்னால் மகள்.

சீருடைத் துணியை மேசையில் பொத்தென்று போட்டாள்.

டெய்லரக்கா எழுந்து நின்றாள். "என்னை மன்னிச்சுடுங்க. உங்களுக்கே தெரியாம உங்களைச் சொல்ல வெச்சு..."

"தெரியாமலா?" அம்மாக்காரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எங்க வீட்ல எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க, வாய் நீளம், மூளை கம்மின்னு. அவங்க நெனைச்சா நெனைச்சுட்டுப் போகட்டும். நீங்களுமா நம்பிட்டீங்க?"

டெய்லரக்கா சீருடைத் துணியைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எனக்கும் பதினாலுலதான் கட்டி வெச்சாங்க. வாயைத் திறந்து வேண்டாம்னு சொன்னா அன்னிக்கே என்னை அறையில போட்டுப் பூட்டியிருப்பாரு. வேற யார்கிட்ட போவேன் நான்? கல்யாண உடுப்புல எவளாவது உயரத்துக்குத் துணி விடுவாளா? அதுகூடவா தெரியாது எனக்கு? ரெண்டு தடவை சொன்னேன், மூஞ்சியப் பாத்துச் சொன்னேன். போன் பண்ண உங்களுக்கு ஒரு ராத்திரி ஆச்சு!"

சொல்லிவிட்டு மகளைத் தோளைப் பிடித்து டேப்புக்கு நேராகத் தள்ளினாள்.

"அஞ்சு விரல் விடுங்க. இந்தத் தடவை நாலு விட்டீங்கன்னா, நெஜமாவே கத்துவேன்."

டெய்லரக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு டேப்பை எடுத்தாள். தோளில் வைப்பதற்குள் வெட்டுக்கிளி ஜன்னலுக்குப் போயிருந்தது.

"ஏய், நில்லுடி ஒரு இடத்துல!" என்று கத்தினாள்.