சமதரையில் ஒற்றைக் கால்

தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லயத்து வீடுகளின் முற்றத்தில் நான் இருந்தேன். வேலை ஓய்ந்து வீட்டிலிருக்கும் என் வீட்டுக்காரர் இருந்தார். பக்கத்து வீட்டு மதினி இருந்தாள். பைக் ஓட்டும் அவள் மகன் இருந்தான். அவன் மகள், ஆறு வயசுப் பிள்ளை, இருந்தாள். எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சிஸ்டர் நடுவில் நின்றாள்.

மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கும்போது சரிவில் வழுக்கி என் வலது கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. நடந்தால் மட்டும் ஒரு பக்கமாகத் தள்ளியது. ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஒரு காலில் மட்டும் பத்து எண்ணும்வரை நின்றால் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்புவார். இல்லையென்றால் வேலைக்கு ஆகாது என்று எழுதுவார். வேலை போனால் லயத்து வீடும் போகும். எங்களுக்கு வேறு வீடு கிடையாது.

சிஸ்டர் மலையாளம் கலந்து பேசினாள். "எல்லாரும் ஒத்தக் காலுல நின்னு பழகணும். காலு முறிஞ்சவங்க மட்டும் அல்ல. வயசு ஒண்ணும் நோக்க வேண்டா."

மதினி சேலையைத் தூக்கிச் செருகினாள். "கொக்கு மாதிரி நிக்கச் சொல்லுதீகளே, மீனு யாரு தருவா?"

முதலில் சாய்ந்தது அவள் மகன்தான்.

"ஏலே, ரோட்டுல எப்படிலே போற?"

"ரோட்டுல ரெண்டு டயர் இருக்கும்மா."

பிள்ளை அசையாமல் நின்றது. என் வீட்டுக்காரர் சுவரைப் பிடித்தார்.

"சுவத்த விடுங்கண்ணே," என்றாள் மதினி. "அது ஓடியா போவும்?"

நான் மூன்று எண்ணுவதற்குள் காலை ஊன்றிவிட்டேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உலை வைத்துவிட்டு வெளியே போவேன். குழாயடியில் குடம் நிறைந்து வழியும். யாராவது கூப்பிட்டால்தான் தெரியும். ராத்திரி புரண்டு புரண்டு படுப்பேன். வேலை செய்யும் இடத்திலேயே பழகினால் என்ன என்று தோன்றியது. லயத்துக்குப் பின்னால் தேயிலைக் காடு. கூடையை மாட்டிக்கொண்டு ஏறினேன். செடிகளுக்கு நடுவில் இடது காலைத் தூக்கினேன். நின்றேன். முப்பது வரை எண்ணினேன். மறுநாளும் அப்படியே. கீழே வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். "சரியாப் போச்சு."

டாக்டர் அறையில் சிமெண்டுத் தரை. நாலில் சாய்ந்தேன். மேசையைப் பிடித்தேன். அவர் பேனாவை எடுத்தார். சிஸ்டர் அவர் பக்கம் குனிந்து ஏதோ கேட்டாள். பேனாவை வைத்தார். "இன்னும் ரெண்டு வாரம். அவ்வளவுதான்."

சாயங்காலம் சிஸ்டர் லயத்துக்கு வந்தாள். எங்கே பழகினேன் என்று கேட்டாள். காட்டுக்குள் கூட்டிப் போய் நின்று காட்டினேன். அவள் என் இடுப்பைத் தொட்டாள்.

"அக்கா நிக்கல. செடி நிக்குது."

குனிந்து பார்த்தேன். செடி என் இடுப்புக்கு முட்டுக்கொடுத்திருந்தது. கொழுந்து எடுக்கிறவர்கள் அப்படித்தான் நிற்போம். இடுப்பில் சாக்கைக் கட்டிச் செடியில் சாய்ந்தால்தான் இரண்டு கையும் ஓடும். சாய்கிறோம் என்பதே தெரியாது.

பிறகு அடுப்படியில் பழகினேன். கூடை இல்லை, செடி இல்லை. சுவருக்கு ஒரு சாண் தள்ளி நிற்கச் சொன்னாள் சிஸ்டர். விழுந்தால் பிடிக்க மட்டும்தான் சுவர். நிலைகொள்ளாமல் அலைந்த நேரமெல்லாம் அங்கே போய் நின்றேன். எனக்கு எதிரே வீட்டுக்காரரும் நின்றார். சில நாளில் அவர் குளிக்கும்போது சுவரைப் பிடிப்பதை விட்டார். மதினி வந்து சொன்னாள், "படி இறங்கையில இப்ப பயம் இல்ல மதினி. மவன்தான் இன்னும் ஆடுதான்."

எனக்கு ஒரு நாள் எட்டு வரும். ஒரு நாள் ஐந்து. சாமான்களைச் சாக்கில் கட்டலாமா என்று வீட்டுக்காரர் கேட்டார். நான் அடுப்படிக்குப் போய்க் காலைத் தூக்கினேன்.

இரண்டு வாரம் முடிந்த அன்று டாக்டர் வலது காலில் நிற்கச் சொன்னார். இடதைத் தூக்கினேன். விரல்கள் சிமெண்டைக் கவ்வப் பார்த்தன. அவர் சத்தமாக எண்ணினார். ஏழில் கணுக்கால் நடுங்கியது. ஒன்பதில் உடம்பு ஒரு பக்கம் போய்த் திரும்பி வந்தது. சிஸ்டர் என்னைப் பிடிக்கவில்லை. இடது கால் தரையில் பட்டபோது அவர் எண்ணியிருந்தது பன்னிரண்டு.